நகத்தளவு சோப்பு

தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடினால் மற்ற டிரைவர்கள் வானத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். டிரைவரம்மா அப்படிச் செய்ய மாட்டாள். வண்டியை மேட்டிலேயே நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கி வந்து புருஷனுடைய கால்சட்டையை முழங்காலுக்கு மேலே தானே மடித்துவிடுவாள். அவனுடைய முட்டிதான் அவளுக்கு அளவுகோல். தண்ணீர் முட்டிக்குக் கீழே நின்றால் வண்டி போகும். முட்டி நனைந்தால் போகாது. அதற்குமேல் அந்த விஷயத்தில் பேச்சே கிடையாது.

புருஷனுக்குக் கொக்கி என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியை இருபத்தைந்து வருஷமாகத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்ததில் பழைய பெயர் உதிர்ந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு லோடு ஏற்றுவதும் இறக்குவதும் அவன். வண்டி ஓட்டுவது அவள். வீட்டில் இது மாறிவிடும். அவள் சொல்லுவாள், அவன் ஏற்றுவான், அவள் சொல்லுவாள், அவன் இறக்குவான். ஆக மொத்தம் எங்கேயும் மாறவில்லை என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

வண்டி அவளுடைய அண்ணனுக்குச் சொந்தம். மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். பழைய டீசல் வண்டி, சின்ன லாரி. முன்பு ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் மழைக்காலம் தொடங்குகிற நேரமாகப் பார்த்து மகன் வீட்டோடு போய்விட்டார். அப்போதுதான் டிரைவரம்மா முன்னால் வந்து நின்றாள். லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் கடை முற்றத்துக்குள்ளேயே முன்னாலும் பின்னாலும் நகர்த்தித்தான் அவளுக்குப் பழக்கம். அண்ணன் ஒரு பேச்சு வைத்தார். இந்த மழைக்காலம் முடிகிறவரைக்கும் ஓட்டு, வண்டி வழியில் நிற்காமல் வந்து சேர்ந்தால் சாவி உன்னிடமே இருக்கட்டும், உன் கையில் வண்டி கெட்டுப்போய் நின்றால் மறு பேச்சில்லாமல் கடையில் வந்து உட்காரு, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். நாற்பத்தொரு வயசு, காதோரம் நரை. அண்ணன் மட்டும் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அவளுக்கு ஏழு வயசில் சைக்கிள் பழக்கிவிட்டதே அவர்தான். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் ஒரு இடத்தில் கையை விட்டார். அவள் கல்மேல் போய் விழுந்தாள். தாடையில் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. விழுந்தவளுக்கு மறந்துபோயிற்று. விட்டவருக்கு மறக்கவில்லை.

சரி, தரைப்பாலத்துக்கு வருவோம்.

நாலு நாள் விடாத மழை. அக்கரைப் பண்ணையில் தீவனம் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பண்ணைக்காரர் போனில் பேசிப் பார்த்துவிட்டு, பேச்சு எடுபடவில்லை என்றதும் போனை மாட்டின் வாயருகே கொண்டுபோய் வைத்துவிட்டார். மாடு கத்திய கத்தலில் அண்ணனே லோடு ஏற்றச் சொல்லிவிட்டார்.

பாலத்தின் மேல் தண்ணீர் செம்மண் நிறத்தில் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. டிரைவரம்மா கால்சட்டையை மடித்துவிட்டாள். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து நைலான் கயிற்றை எடுத்து, ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையை வண்டியின் பம்பரிலும் கட்டத் தொடங்கினாள். இதுவும் அவளுடைய வழக்கம்தான். கால் வழுக்கினாலும் ஆள் போய்விடக் கூடாதே. கடையில் மற்ற சுமைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அவனை ஓட்டுவார்கள். பண்ணைக்குப் போறது மாட்டுத் தீவனமா இல்ல மாடேவா என்று கேட்பார்கள். கொக்கி பதில் சொல்ல மாட்டான். கட்டிப்போடவும் ஒருத்தி வேண்டுமே என்று மட்டும் மனசுக்குள் நினைத்துக்கொள்வான்.

அவள் குனிந்து பம்பரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அவன் ஒரு காரியம் செய்தான்.

டீசல் டேங்க் வண்டியின் பக்கவாட்டில், ஏறக்குறைய சக்கரத்தின் மட்டத்திலேயே தொங்கும். அதன் மூடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. இந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் டீசலில் கலந்தால் என்ன ஆவது என்று அவனுக்குத் திடீரென்று பயம் வந்தது. எப்போதோ ஒரு லாரிக்காரர் ஒழுகுகிற டேங்கில் சோப்பைத் தேய்த்து அடைத்ததை அவன் பார்த்திருக்கிறான். அவனிடமும் சோப்பு இருந்தது. கை கழுவ ஒரு தகர டப்பாவில் எப்போதும் வைத்திருப்பான். நகத்தளவு கிள்ளி, எச்சில் தொட்டுப் பிசைந்து, மூடியின் ஓட்டையில் அமுக்கி, மூடியின் விளிம்பைச் சுற்றியும் ஒரு தடவு தடவிவிட்டான். மேலே கொஞ்சம் சேற்றையும் பூசியதில் வித்தியாசமே தெரியவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான். என் பொண்டாட்டி கையில் ஸ்டீயரிங் இருந்தால் நான் மூட்டைமேல் படுத்துத் தூங்கிவிடுவேன் என்று கடை முழுக்கப் பெருமை பேசி வைத்திருக்கிறான். அப்படிப்பட்டவன் அவள் ஓட்டப் போகிற வண்டிக்கு ரகசியமாக சோப்பு வைத்தான் என்றால் அந்தப் பெருமைக்கு என்ன மரியாதை.

கயிற்றோடு அக்கரைவரை நடந்து திரும்பி வந்தான். தண்ணீர் முட்டிக்கு நாலு விரல் கீழேதான். அவன் ஏறி உட்கார்ந்ததும் அவள் முதல் கியரைப் போட்டாள். ஆக்ஸிலேட்டரில் வைத்த காலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. நடுவில் கியர் மாற்றவில்லை. பம்பருக்கு முன்னால் தண்ணீர் ஒரு மடிப்பாக எழுந்து வண்டியோடு கூடவே வந்தது. அக்கரை ஏறியதும் பிரேக்கை நாலு தடவை மிதித்து ஈரம் போக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல இரண்டாவது கியருக்குப் போனாள். கொக்கி மூச்சை விட்டான். அதோடு சோப்பையும் மறந்துவிட்டான்.

ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருப்பார்கள். மேடு ஒன்றில் வண்டிக்கு இழுவை குறைந்தது. அவள் மிதிக்கிறாள், அது ஏறவில்லை. இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. அவள் இறங்கி டீசல் வருகிற கை பம்பை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கினால் தானே எழும்ப வேண்டிய அது எழும்பாமல் அடம்பிடித்தது. டீசல் இருக்கிறதா பார்ப்போம் என்று கொக்கியை மூடியைத் திறக்கச் சொல்லி, குச்சியை விட்டுப் பார்த்தாள். பாதி டேங்குக்கு மேல் இருந்தது. மறுபடி பம்ப் அடித்தாள். இப்போது நன்றாகவே எழும்பியது. குழாயில் புகுந்திருந்த ஏர் போனதும் வண்டி உடனே உயிர்பெற்றது. மூடியை மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். இன்னொரு ஏழெட்டுக் கிலோமீட்டர். மறுபடி அதே குலுக்கல், அதே நிற்றல்.

இப்படியே நின்று நின்று பண்ணைக்குப் போய் இறக்கிவிட்டு, நின்று நின்று திரும்பி வந்து, மெக்கானிக் கொட்டகைக்குள் வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதற்குள் அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. அவர் அங்கே ஏற்கெனவே ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக்கைக் காது என்று சொல்லுவார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு திருப்புளி வைத்திருப்பார். முனையை என்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு அவர் என்ஜினோடு ஏதோ குடும்ப விஷயம் பேசுவது போல இருக்கும். தகரக் கொட்டகை, நடுவில் குழி, மூலையில் ஓயாமல் பாடுகிற ரேடியோ. அந்த ரேடியோ சத்தத்திலும் அவருக்கு நட்டு லூசானது கேட்கும், பொண்டாட்டி கூப்பிடுவது மட்டும் கேட்காது என்பார்கள்.

முதலில் அவர் என்ஜினைத் தொடவே இல்லை. டிரைவரம்மாவிடம் இரண்டே கேள்வி கேட்டார். தண்ணீருக்குள் வண்டி நின்றதா. நின்ற இடத்தில் செல்ஃப் அடித்தாயா. நிற்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை என்றாள் அவள்.

"பொய் சொல்லாத பாப்பா. பயத்துல அடிச்சிருப்ப" என்றார் அண்ணன்.

அவள் அவரை நேராகப் பார்த்தாள். கொக்கி ஒரு அடி முன்னால் வைத்தான்.

காது நடுவில் புகுந்தார். "முதலாளி, மனுசங்கதான் பொய் சொல்லுவாங்க. என்ஜினுக்கு அந்தப் பழக்கம் இல்ல. அதையே கேட்டுருவோம்" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து கேட்க ஆரம்பித்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றினார். தண்ணீர் குடித்த வண்டி என்றால் உள்ளே இருக்கிற காகிதம் ஊறி அப்பளமாகியிருக்கும். இது காய்ந்து, தட்டினால் தூசி பறந்தது. ஆயில் குச்சியை உருவினார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் ஊற்றிய டீ போல வெளுத்திருக்கும். இது கறுகறுவென்று இருந்தது. டீசல் ஃபில்டரின் அடிப்பகுதித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தார். தண்ணீர் இருந்தால், டீசலைவிடக் கனம் என்பதால், அடியில் தங்கும். அடிவரைக்கும் ஒரே நிறம். அப்புறம் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லி, குழாய் விட்டு அங்கிருந்தும் ஒரு புட்டி எடுத்தார். அதுவும் சுத்தம்.

"டேங்குல ஒரு சொட்டுத் தண்ணி போகல" என்று காது புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கொக்கிக்கு நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது. எப்படிப் போகும், எவன் வைத்த சோப்பு என்று நினைத்துக்கொண்டான். சொல்லிவிடலாமா என்றுகூட நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பெருமையைப் பங்கு போட வேண்டாம் என்று விழுங்கிவிட்டான்.

அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தண்ணீர் குடித்து உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற கம்பி வளைந்து, பிறகு தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கலாம் அல்லவா என்றார். தண்ணீரை யாராலும் அமுக்க முடியாது, என்ஜினாலும் முடியாது, அமுக்கப் பார்த்தால் தன் எலும்பையே அது வளைத்துக்கொள்ளும் என்று காதுதான் ஒரு காலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது அதையே பிடித்துக்கொண்டு நின்றார். காது அலுத்துக்கொள்ளவில்லை. நாலு இன்ஜெக்டரையும் கழற்றினார். சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றை ஒவ்வொரு துளையிலும் இறக்கி, டிரைவரம்மாவை ஸ்பேனரால் என்ஜினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றச் சொன்னார். உள்ளே பிஸ்டன் மேலே வர வரக் கம்பியும் எழும்பும். உச்சிக்கு வந்த இடத்தில் நகத்தால் பிடித்து அடையாளம் வைத்தார். எலும்பு வளைந்த பிஸ்டன் குட்டையாக நிற்கும். நாலு அடையாளமும் ஒரே இடத்தில் விழுந்தன.

"பாத்துக்கங்க. நாலும் ஒரே ஒசரம். டிரைவரம்மா சொன்னது சத்தியம். இவ்வளவு சுத்தமாத் தண்ணியத் தாண்டுன வண்டிய நான் பாத்ததில்ல."

அவள் ஸ்பேனரைத் துடைத்து வைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் கொக்கிக்குத் தெரியும், அவள் ஒரு பொருளை இரண்டு தடவை துடைத்தால் உள்ளே சந்தோஷம் பொங்குகிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் மாட்டி வண்டியை ஓடவிட்டார்கள். ஒரு மணி நேரம் கொட்டகை வாசலில் நின்ற இடத்திலேயே ஓடியது, ஒரு இருமல் இல்லை. டேங்க் மூடி மட்கார்டுமேல் கிடந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. ஓட்டிப் பார்ப்போம் என்று காது சொன்னதும் கொக்கி பொறுப்பாக மூடியை எடுத்து இறுக்கி மாட்டினான்.

அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். காதும் கொக்கியும் பின்னால் பத்து மூட்டை தீவனத்தோடு. கடைத்தெருவைத் தாண்டி, கல் உடைக்கிற ஆலையைத் தாண்டி, மேடு ஏறுகிற இடத்தில் வண்டி குலுங்கியது. கொக்கி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், பிடித்தால் வண்டி நிற்காது என்பது போல. நின்றுவிட்டது.

"எப்பவும் ஏழெட்டுக் கிலோமீட்டர்லதான் சாகுது" என்று காது முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போனார். பானெட்டைத் தூக்கி ஃபில்டரின் திருகைத் தளர்த்தினார். டீசல் வரவில்லை. பம்ப் வேலை செய்கிறது, டேங்கில் டீசல் இருக்கிறது, நடுவில் யாரோ தடுக்கிறார்கள் என்றார். கடைசியில் அவரும் உதட்டைப் பிதுக்கினார். டேங்கைக் கழற்ற வேண்டும், குழாயை மாற்ற வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்.

கொக்கிக்குத் தாகம் எடுத்தது. இடுப்பில் சொருகியிருந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வாயோடு வைத்து ஒரே மூச்சில் உறிஞ்சினான். மூட்டை தூக்குகிறவன் குடிக்கிற குடி அப்படித்தான், இடையில் நிறுத்த நேரம் இருக்காது. பாட்டிலின் இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கின. ஒரு கட்டத்துக்குமேல் தண்ணீர் வரவில்லை. வாயை எடுத்தான். டப்பென்று பாட்டில் பழையபடி உப்பியது.

அப்போது டிரைவரம்மா ஜன்னல் வழியாக, வழக்கம்போல டீசலைப் பாருங்க என்றாள். அவன் போய் மூடியைப் பிடித்தான். இறுகியிருந்தது. பலம் கொடுத்துத் திருகினதும் உஸ்ஸென்று ஒரு சத்தம், உள்ளே இழுக்கிற சத்தம். நேற்றும், இன்று காலை கொட்டகையிலும் அது வந்திருக்க வேண்டும். மழையில் கேட்கவில்லை, ரேடியோவில் கேட்கவில்லை.

அவன் மூடியைப் பார்த்தான். கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தான். ஓட்டையில் அவன் வைத்த சோப்பு, டீசலில் ஊறிக் கறுத்து, கல்லாக இருந்தது.

டீசல் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்குத்தான் அந்த ஓட்டை. தண்ணீர் போகக் கூடாது என்று அவன் வண்டியின் மூக்கைப் பொத்திவிட்டிருக்கிறான்.

கொக்கி சுற்றும் முற்றும் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. தோளிலிருந்த இரும்புக் கொக்கியின் முனையால் ஒரு சுரண்டு சுரண்டினால் போதும். சோப்பு உதிர்ந்துவிடும், வண்டி ஓடிவிடும், உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. கொக்கியைக் கையில் எடுத்தும்விட்டான்.

அந்த நேரம் பார்த்து, முன்பக்கம் இறங்கி நின்ற அண்ணனின் குரல் கேட்டது. கோபமாக இல்லை. தழைந்து போயிருந்தது, அதுதான் கேட்க முடியவில்லை.

"பாப்பா, இறங்கும்மா. உன்மேல குத்தம் சொல்லல. ஆனா உன் கையில நின்னுபோச்சில்ல. நாம பேசுனது அதுதானே. சாவியக் குடு."

கொக்கி எட்டிப் பார்த்தான். அவள் சண்டை போடவில்லை. சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரண்டிவிட்டால் வண்டி ஓடும், சரி. ஆனால் ஏன் நின்றது என்பதற்குக் காரணம் இல்லாமல் போகும். காரணம் இல்லாத பழி எப்போதும் கையில் ஸ்டீயரிங் வைத்திருந்தவர்மேல்தான் போய் உட்காரும்.

அவன் முன்னால் போனான்.

"மச்சான், அவ இறங்க வேண்டாம். இறங்க வேண்டியவன் நான்தான்."

"நீ கீழதானய்யா நிக்கிற" என்றார் காது.

கொக்கி மூடியை நீட்டினான். காது அதை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மெல்ல மாறியது.

"டீசல் மூடியில ஏதுய்யா எலுமிச்சம்பழ வாசனை?"

கொக்கி எல்லாவற்றையும் சொன்னான். தலை நிமிராமல், மூட்டையை ஒவ்வொன்றாக இறக்குவது போலச் சொன்னான். லாரிக்காரர், தகர டப்பா, எச்சில், சேறு, ஒன்றையும் விடவில்லை. டேங்கில் தண்ணீர் இல்லை என்றபோது தான் பெருமைப்பட்டதையும் சேர்த்தே சொன்னான். அதைக் கேட்டுக் காது வண்டியில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் குலுங்கத் தொடங்கினார். வண்டி நிற்பதற்கு முன்னால் குலுங்குமே, கிட்டத்தட்ட அதே குலுக்கல்.

டிரைவரம்மா இறங்கி வந்தாள். மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்ப வச்சீங்க?"

"நீ கயிறு கட்டிக்கிட்டு இருந்தப்ப."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் பயந்தது. பழிக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

"உன்மேல இருக்கு. தண்ணிமேலதான் இல்ல" என்றான்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அது கோபமா, சிரிப்பை அடக்குவதா என்று இருபது வருஷம் கூட இருந்தவனுக்கே தெரியவில்லை. காதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். பொண்டாட்டி புருஷன் இடுப்பில் கயிறு கட்டுகிறாள், புருஷன் வண்டியின் மூக்கில் சோப்பு வைக்கிறான், உங்கள் இரண்டு பேர் பாசத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இந்த வண்டி மூச்சு முட்டிச் சாகாமல் இருந்ததே பெரிது என்றார். பிறகு சைக்கிள் கம்பியின் முனையால் ஓட்டையைக் குத்தி, சோப்பை எடுத்து, ஊதிப் பார்த்து மூடியை மாட்டினார்.

அண்ணன் சாவிக்காக நீட்டின கையை மடக்காமலே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் கொக்கியைப் பார்த்து, "ஏன் மாப்ள, பயம்னா என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?" என்றார்.

"உங்களுக்கே பயம் மச்சான். உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்றது."

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தாரா, தாடையைப் பார்த்தாரா, அது அவருக்குத்தான் தெரியும்.

"அன்னிக்கு சைக்கிள்ல நான் கையை விட்டிருக்கக் கூடாது பாப்பா" என்றார்.

"விழுந்தது எனக்கு ஞாபகமே இல்லண்ணே. அதுக்கப்புறம் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன்ல, அதுதான் ஞாபகம் இருக்கு. ஏறு. தரைப்பாலம் வரைக்கும் போய்ட்டு வந்துருவோம். வழியில நின்னா சாவி உனக்கு."

அவர் ஏறிக்கொண்டார்.

அந்த மேட்டிலிருந்து தரைப்பாலம்வரை போய், பாலத்தருகே திரும்பி, மறுபடி அதே மேட்டைத் தாண்டி, கல் ஆலை, கடைத்தெரு, கொட்டகை. நாற்பது கிலோமீட்டருக்குமேல் இருக்கும். பின்னால் மூட்டைமேல் கொக்கி ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். எட்டு தாண்டியது. பதினாறு தாண்டியது. அதன்பிறகு எண்ணவில்லை. காது திருப்புளியை வண்டியின் சட்டத்தில் ஊன்றிக் காதில் வைத்துக்கொண்டு, எதையோ கேட்டு ரசிப்பவர் போலக் கண்ணை மூடியிருந்தார். உண்மையில் தூங்கிவிட்டிருந்தார். கொக்கியோ பேச்சில் பெருமை அடித்த மாதிரி ஒருநாளும் மூட்டைமேல் தூங்கினவன் இல்லை. அன்றைக்கு அவனுக்கும் கண் சொக்கியது.

கொட்டகையில் வண்டி நின்றதும் அண்ணன் இறங்கினார். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலடி போனவர் திரும்பாமலே, "நாளைக்கு ஏழு மணிக்கு லோடு. அக்கரைப் பண்ணைக்கு முப்பது மூட்டை. லேட் பண்ணாத" என்றார். அவர் கடையில் டிரைவராக இருந்த எல்லோரிடமும் அவர் பேசுகிற குரல் அதுதான். பாப்பா என்று சொல்ல மறந்துவிட்டார்.

டிரைவரம்மா சாவியை எடுத்துத் துடைத்தாள். இன்னொரு தடவையும் துடைத்தாள்.

மறுநாளும் பாலத்தின்மேல் தண்ணீர் இருந்தது, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. அவள் வண்டியை மேட்டில் நிறுத்தி, இறங்கி வந்து, கால்சட்டையை மடித்துவிட்டு, அவனுக்கு முன்னால் கையை நீட்டினாள். அவன் புரியாதது போல நின்றான். அவள் கையை மடக்கவில்லை. கடைசியில் அவன் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை ஸ்டீயரிங்குக்கு முன்னால், தன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். பிறகு கயிற்றை எடுத்தாள்.

"சோப்பு கூடாதுன்னா கயிறும் கூடாது. நியாயம்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்றான் அவன்.

"வண்டிக்கு மூச்சு முட்டுச்சு. உங்களுக்கு எங்கயாவது முட்டுதா?"

அவன் இடுப்பில் விரலை விட்டுப் பார்த்தான். இல்லை என்று ஒப்புக்கொண்டான்.

"அப்ப நில்லுங்க பேசாம" என்று சொல்லிவிட்டு அவள் முடிச்சைப் போட்டாள். அவனும் கையைத் தூக்கி வாகாக நின்றுகொண்டான்.